15,000 ராண்டுக்குள் கேமிங் மடிக்கணினி: எதை வாங்கலாம்?

அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம். டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். கல்லூரிக்குப் போகும் தம்பிக்கு மடிக்கணினி வேண்டுமாம். பாடத்துக்கு என்கிறான், கால்பந்து விளையாட்டுக்குத்தான் என்பது அம்மாவுக்கே தெரியும். கையில் 15,000 ராண்ட். அதற்கு மேல் ஒரு சென்ட்கூடக் கிடையாது.

ஆர்டிஎக்ஸ் 3050 என்ற கிராபிக்ஸ் சிப் உள்ள புதியதா, 4050 உள்ள பழையதா? இதில்தான் குழப்பம். மடிக்கணினிக்கான 3050-இலேயே, சிப்புக்கென உள்ள நினைவகம் 4 ஜிபி, 6 ஜிபி என இரண்டு வகை உண்டு. ஒரே சிப்பாக இருந்தாலும், அதற்குக் குறைந்த வாட் மின்சாரம் ஒதுக்கியிருந்தால் வேகம் குறைந்துவிடுகிறது. அந்த வாட் கணக்கை விலைச்சீட்டில் எங்கே போடுகிறார்கள்! ராம் 8 ஜிபிதான் என்றால், பிறகு இன்னொன்றைச் செருக இடமாவது இருக்க வேண்டும்.

டர்பனின் ஈரக்காற்றில் விசிறியும் கீலும் எத்தனை வருடம் தாங்குகின்றன? பழையது வாங்கியவர்கள், பணம் கொடுக்கும் முன் எதையெல்லாம் சோதித்தீர்கள் என்று எழுதுங்கள்.