பூனைக்குச் சுகர்: ஊசி ஆரம்பித்த ஐந்தாம் நாள் தள்ளாடுகிறான், யாராவது உடனே பாருங்கள்

சிங்காரம் வீடு, பெரம்பூர் (இரவு 10.40)

வணக்கம். எங்கள் சிங்காரத்துக்கு 9 வயது. ஆண், கருத்தடை செய்தாயிற்று. போன வருடம் 6.8 கிலோ இருந்தவன் இப்போது 5.6. இரண்டு மாதமாகத் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகரவில்லை, அவன் சிறுநீர் கழிக்கும் மண் தட்டு தினமும் சேறாகிக் கிடந்தது. வெயில் காலம்தானே என்று விட்டுவிட்டோம். பின்னங்கால் குதி தரையில் பதிய முயல் மாதிரி நடக்க ஆரம்பித்த பிறகுதான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் சுகர் 412. சிறுநீரிலும் இருந்தது. கடந்த சில வாரங்களின் சராசரிச் சுகரைக் காட்டும் பிரக்டோசமைன் பரிசோதனையும் அதையேதான் சொன்னது.

கிளார்ஜின் இன்சுலின், 1 யூனிட், காலை 7 மணிக்கும் இரவு 7 மணிக்கும். இன்று ஐந்தாவது நாள். சாயங்காலம் வழக்கம்போலச் சாப்பாட்டை வைத்துவிட்டு ஊசி போட்டேன். பாதிதான் சாப்பிட்டான். பத்து மணிக்குத் தேடினால் பீரோவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். கூப்பிட்டால் திரும்பவில்லை. வெளியே எடுத்து விட்டால் இடது பக்கமாகச் சரிகிறான். கண் அகல விரிந்து எங்கேயோ பார்க்கிறது.

இது நோயால் வந்த கால் பலவீனமா, மருந்தாலா? டாக்டரின் போன் அணைந்திருக்கிறது. அம்மாவின் சுகர் மெஷின் வீட்டில் இருக்கிறது, ஆனால் காதில் குத்தினால் ரத்தம் வரவில்லை.

மூன்று பூனை வீடு, நங்கநல்லூர் (10.44)

தங்கச்சி, அளந்து பார்க்கும்வரை காத்திருக்காதீர்கள். நீங்கள் சொல்வதெல்லாம் சுகர் இறங்கியதன் அறிகுறி. கால் பலவீனம் இப்படி ஒரே ராத்திரியில் வராது. இப்போதே விரலில் தேனைத் தொட்டு ஈறில் தடவுங்கள். தேன் இல்லாவிட்டால் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் பாகு மாதிரி கரைத்துக்கொள்ளுங்கள். விழுங்கும் தெம்பு இருந்தால் அவனுக்குப் பிடித்த சாப்பாட்டை மூக்குப் பக்கத்தில் காட்டுங்கள்.

வலிப்பு வந்தால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கடி படாமல் ஈறில் மட்டும் தடவிக்கொண்டே ஆட்டோ பிடியுங்கள். ராத்திரியில் திறந்திருக்கும் மருத்துவமனைக்கு வீட்டில் இன்னொருவர் இப்போதே போன் போட்டு, வருகிறோம் என்று சொல்லி வைக்கட்டும்.

சிங்காரம் வீடு (10.53)

தேன் தடவிவிட்டேன், நாக்கால் நக்கினான். தம்பி டார்ச் அடித்துக் காட்ட, மூன்றாவது குத்தில் ரத்தம் வந்தது. 54.

மூன்று பூனை வீடு (10.55)

நக்கினான் என்பது நல்ல செய்தி. மனிதருக்கான மெஷின் பூனை ரத்தத்தில் நிஜ அளவைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். இருந்தாலும் 54ஐ 54 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்சம் தேன், பிறகு சாப்பாடு. தேனின் வேகம் சீக்கிரம் அடங்கிவிடும், வயிற்றில் உணவு இருந்தால்தான் நிற்கும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து இங்கே போடுங்கள், நான் தூங்கப் போவதில்லை.

சிங்காரம் வீடு (11.12)

79. வேகவைத்த கோழி நான்கு துண்டு சாப்பிட்டான். நேராக நிற்கிறான். என் கைதான் இன்னும் நடுங்குகிறது.

மூன்று பூனை வீடு (11.15)

அப்பாடா. ஆனால் இத்துடன் முடிந்தது என்று படுத்துவிடாதீர்கள். கிளார்ஜின் நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்து, திரும்பவும் இறக்கலாம். விடியும்வரை மணிக்கு ஒருமுறையாவது அளந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள். காலை ஊசியை டாக்டரிடம் பேசாமல் போடவே போடாதீர்கள்.

சரி, இப்போது ஒரு கேள்வி. நீங்கள் போடும் ஊசியின் மூடி என்ன நிறம்?

சிங்காரம் வீடு (11.18)

சிவப்பு. அம்மாவுக்குச் சுகர் உண்டு, அவர்கள் வாங்கி வைத்திருக்கும் ஊசிதான். இன்சுலின் ஊசி எல்லாம் ஒன்றுதானே என்று எடுத்துக்கொண்டேன். மருந்துக் கடையிலும் வேறு ஊசி வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. ஒரு கோடு வரைக்கும்தான் இழுத்தேன்.

மருந்தாளுநர், வில்லிவாக்கம் (11.31)

அதுதான் காரணம், சகோதரி. நம் நாட்டில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் இரண்டு அடர்த்தியில் விற்கிறது. உங்கள் அம்மாவின் குப்பியை எடுத்துப் பாருங்கள், 1 மில்லிக்கு 40 யூனிட் என்று போட்டிருக்கும். அதற்குத்தான் சிவப்பு மூடி ஊசி. கிளார்ஜின் 1 மில்லிக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி ஊசி.

சிவப்பு மூடி ஊசியில் ஒரு கோடு என்றால் 0.025 மில்லி. 40 யூனிட் மருந்தில் அது 1 யூனிட். அதே ஒரு கோட்டுக்குக் கிளார்ஜினை இழுத்தால் 2.5 யூனிட். டாக்டர் சொன்னதைப்போல இரண்டரை மடங்கு ஒவ்வொரு வேளையும் உள்ளே போயிருக்கிறது. 70 கிலோ மனிதருக்கே இது பெரிய பிழை, இவன் 5.6 கிலோ.

கடையில் கேட்கும்போது ‘100 யூனிட் மருந்துக்கான ஊசி, மொத்தம் 30 யூனிட் அளவு, அரை யூனிட் கோடு போட்டது’ என்று முழுதாகச் சொல்லுங்கள். கடைக்காரர் கையில் கொடுத்ததும் மூடியைப் பாருங்கள், மருந்தின் மேல் அச்சான எண்ணையும் ஊசி மேல் அச்சான எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள். இதை நான் என் கடைக்கு வரும் எல்லோருக்கும் சொல்கிறேன்.

மூன்று பூனை வீடு (11.40)

தங்கச்சி, இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்த வாரம் சாப்பாட்டை மாற்றினீர்களா?

சிங்காரம் வீடு (11.46)

ஆமாம். இத்தனை வருடமும் உலர் தீனியும் பால் சாதமும்தான். சுகர் என்றதும் திங்கட்கிழமையே இரண்டையும் அடியோடு நிறுத்திவிட்டுக் கோழியும் மத்தி மீனும் மட்டும் கொடுக்கிறேன். அதுவும் தப்பா?

மூன்று பூனை வீடு (நள்ளிரவு 12.05)

எண்ணம் சரி, வேகம்தான் தப்பு. பூனை கறி தின்னப் பிறந்தது, மாவுச்சத்து குறைந்த உணவு அதன் சுகரை நன்றாகவே இறக்கும். ஆனால் உணவு தானாக இறக்கும்போது இன்சுலின் தேவையும் குறைகிறது. ஊசி ஒரு பக்கம் இரண்டரை மடங்கு, சாப்பாடு இன்னொரு பக்கம், இரண்டும் சேர்ந்து இழுத்துவிட்டன. சோற்றைக் குறைப்பது என்றால் டாக்டருக்குத் தெரிந்து, தினமும் அளந்துகொண்டே, படிப்படியாகக் குறையுங்கள்.

வெறும் கோழி, மீன் மட்டும் மாதக்கணக்கில் போதாது. டாரின் என்ற சத்து குறைந்தால் பூனைக்கு இதயமும் கண்ணும் கெடும். ஈரத் தீனியில் மாவுச்சத்து குறைந்த வகையை டாக்டரிடம் கேளுங்கள். இளைக்க வைக்கிறேன் என்று பட்டினி மட்டும் போட்டுவிடாதீர்கள், கல்லீரல் கொழுப்பேறிப் படுத்துவிடும்.

ராயபுரத்துக்காரன் (காலை 6.20)

தப்பாக நினைக்க வேண்டாம், என் அப்பாவுக்கு வெந்தயத் தண்ணீரும் பாகற்காய்ச் சாறும் நன்றாகக் கேட்டது. ஊசியே இல்லாமல் அப்படி முயன்றால் என்ன? இல்லாவிட்டால் மனிதர் சாப்பிடும் மெட்பார்மின் கால் மாத்திரை?

மூன்று பூனை வீடு (6.50)

தம்பி, நல்ல மனதோடு சொல்கிறீர்கள் என்று தெரிகிறது, ஆனால் இதை யாரும் செய்துவிடக் கூடாது. மெட்பார்மின் பூனைக்குச் சரியாக வேலை செய்வதில்லை. வெந்தயம் கொடுத்துப் பார்க்கலாம் என்று ஊசியை நிறுத்தும் நாட்களில் உடம்பு கொழுப்பை எரித்து, ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏற ஆரம்பிக்கும். பிறகு சாப்பிடாது, வாந்தி எடுக்கும், சுருண்டுவிடும். என் முதல் பூனை அப்படித்தான் மூன்று நாள் சலைனில் கிடந்தது. அந்த மூன்று நாளை நான் மறக்கவில்லை.

சிங்காரம் வீடு (பகல் 1.15)

விடியற்காலை 4 மணிக்கு 118, 7 மணிக்கு 196. டாக்டரிடம் பேசினோம். காலை ஊசி வேண்டாம் என்றார், இரவு அளந்து பார்த்துவிட்டு ஆரஞ்சு மூடி ஊசியில் சரியான 1 யூனிட் போடச் சொன்னார். ஊசிக்கு முன் 200க்குக் கீழே இருந்தால் அவரிடம் கேட்காமல் போடக் கூடாதாம். கிளினிக்கில் 412 காட்டியதில் பயமும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம், பூனைகளுக்குப் பதற்றத்தாலேயே சுகர் ஏறும், வீட்டில் எடுக்கும் எண்தான் நம்பகமானது என்றார்.

அதனால் இப்போது ஒரே கவலை காதுதான். நேற்று ராத்திரி எப்படியோ வந்தது. தினமும் எப்படிச் செய்வது?

கீற்று வீடு, திருவான்மியூர் (பகல் 2.40)

நான் இரண்டு வருடமாக எங்கள் வெள்ளச்சிக்குச் செய்கிறேன். காது ஜில்லென்று இருந்தால் ரத்தம் வராது. ஒரு கைப்பிடி அரிசியை வாணலியில் லேசாகச் சூடாக்கி, பழைய காலுறையில் போட்டு முடிச்சிடுங்கள். உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்துச் சுடவில்லை என்றால் காதில் அரை நிமிடம் ஒத்தடம். காதின் வெளி ஓரத்தில் மெல்லிய ரத்தக்குழாய் ஒன்று ஓடும். வெளிச்சத்துக்கு எதிரே காதைப் பிடித்தால் தெரியும். அதற்கும் ஓரத்துக்கும் நடுவே குத்துங்கள். காதின் மறுபக்கம் மடித்த பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உங்கள் விரலில் ஏறிவிடும். துளி வாஸ்லின் தடவியிருந்தால் ரத்தம் முடியில் பரவாமல் முத்தாக நிற்கும், அதில் சுகர் மெஷின் பட்டையின் முனையைத் தொட்டால் தானே உறிஞ்சிக்கொள்ளும். முடித்ததும் பத்து நொடி அழுத்திப் பிடித்து, உடனே கோழித் துண்டு. பதினைந்து நாளில் வெள்ளச்சி தானாக வந்து காதைக் காட்ட ஆரம்பித்துவிட்டாள், கோழிக்காகத்தான்.

இன்னும் இரண்டு. ஊசி முடிக்குள் போய் மருந்து வெளியே வழிந்ததா, உள்ளே போனதா என்று சந்தேகம் வந்தால் மறுபடி போடாதீர்கள். ஒரு வேளைக்குச் சுகர் ஏறினால் பூனை தாங்கும், இரண்டு ஊசி போனால் தாங்காது. பிரிட்ஜில் மருந்தைக் கதவிலும் வைக்க வேண்டாம், பிரீசருக்குப் பக்கத்திலும் வேண்டாம். உறைந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். மே மாதம் எங்கள் தெருவில் ஆறு மணி நேரம் கரண்ட் போனபோது, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு ஈர மண்பானைக்குள் வைத்துக் காப்பாற்றினேன்.

பயன்படுத்திய ஊசியைக் குப்பைப் பையில் போடாதீர்கள், கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளர் விரலில் ஏறும். கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து மூடி, ஊசி என்று எழுதி, தனியாகக் கையில் கொடுங்கள்.

சிங்காரம் வீடு (பதினொரு வாரம் கழித்து)

உதவியவர்களுக்குச் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று வந்தேன். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல்லையும் பார்க்கச் சொன்னார்கள். இரண்டு பல்லில் சீழ் இருந்தது, அது இருக்கும்வரை இன்சுலின் சரியாக வேலை செய்யாதாம். பிடுங்கிய பிறகு எண்கள் இறங்க ஆரம்பித்தன. இப்போது ஊசிக்கு முன் 210, 220. மத்தியானம் 110 பக்கம். எடை 5.9. டாக்டர் அளவை 1 யூனிட்டிலிருந்து அரை யூனிட்டாகக் குறைத்திருக்கிறார். சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாமல் போகும், பார்ப்போம் என்கிறார்.

குதி இன்னும் முழுதாக எழவில்லை. ஆனால் நேற்று ஜன்னல் திண்டுக்கு ஒரே தாவில் ஏறிவிட்டான்.

அம்மாவின் சிவப்பு மூடி ஊசிகள் இப்போது அவர்கள் அறையில். ஆரஞ்சு மூடி ஊசிகள் சமையலறையில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில். அதன் மேல் ‘சிங்காரத்துக்கு மட்டும்’ என்று அம்மாவே எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.