அடிமையாக்கியவனின் வேதத்தை ஏன் கையில் எடுத்தார்கள்?

நெல்லை_மாணவன்:
பேச்சுப் போட்டிக்காக மார்ட்டின் லூதர் கிங் பற்றிப் படிக்கிறேன். எதைப் புரட்டினாலும் சர்ச்தான். கூட்டம் போட்டது அங்கே, 1963இல் பர்மிங்காமில் குண்டு வைத்ததும் அங்கேதான். சாட்டையால் அடித்தவனும் அதே பைபிளைத்தானே வைத்திருந்தான்? அடிமையாக இருந்த கறுப்பின மக்கள் ஏன் அதைத் தூக்கி எறியவில்லை? தவறாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

ஸ்டெல்லா_பிலடெல்பியா:
தப்பே இல்லை தம்பி. 1935இல் கொழும்பு சட்டக் கல்லூரிக்குப் பேச வந்த ஹோவர்ட் தர்மன் என்ற கறுப்பினப் போதகரிடம் ஒருவர் இதையேதான் நேராகக் கேட்டார். பதிலை யோசித்து யோசித்து அவர் 1949இல் ஒரு புத்தகமே எழுதிவிட்டார்.

அவருடைய பாட்டி அடிமையாகப் பிறந்தவர், வாசிக்கத் தெரியாது. பேரன்தான் வேதம் வாசித்துக் காட்டுவான். ஆனால் வேதத்தில் உள்ள பவுலின் நிருபங்களை, அதாவது கடிதங்களை, தொடக் கூடாது. அவற்றில் அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13 மட்டும் எப்போதாவது. எஜமான் கூட்டிவரும் வெள்ளைக்காரப் போதகர் அந்த நிருபங்களில் வரும் “அடிமைகளே, எஜமானுக்குக் கீழ்ப்படியுங்கள்” என்பதையே பிரசங்கிப்பாராம். விடுதலை கிடைத்தால் அந்தப் பக்கமே போகமாட்டேன் என்று பாட்டி அன்றே முடிவு செய்துவிட்டார். (நம் தமிழ் வேதத்தில் அந்த வசனம், எபேசியர் 6:5, “வேலைக்காரரே” என்றுதான் தொடங்கும். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்தபோது வீட்டு வேலைக்காரர் என்றே நினைத்தேன்.) எஜமான்களும் விவரமானவர்கள்தான். 1807இல் மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்கென்று லண்டனில் அச்சிட்ட வேதத்தில், இஸ்ரவேலர் எகிப்தை விட்டு வெளியேறும் கதையையே எடுத்துவிட்டார்கள்.

நான் இங்கே பிலடெல்பியாவில் நர்ஸ். கூட வேலை செய்யும் அக்கா ஒரு ஞாயிறு என்னை மதர் பெத்தேல் என்ற கறுப்பினச் சபைக்குக் கூட்டிப்போனார். நைட் டூட்டி முடித்து நேரே போனதால் பாதிப் பிரசங்கம் தூக்கத்தில் போனது, அது வேறு கதை. கீழ்த்தளத்தில் அதைத் தொடங்கிய கறுப்பினப் போதகர் ரிச்சர்ட் ஆலனின் கல்லறை இருக்கிறது. வெள்ளையர் கோயிலில் முழங்காலில் ஜெபித்துக்கொண்டிருந்த ஆலனின் கறுப்பின நண்பர் அப்சலோம் ஜோன்ஸை, ‘இது உன் இடமில்லை’ என்று பிடித்துத் தூக்கினார்கள். ஜெபம் முடியட்டும் என்றார், விடவில்லை. ஆலனோடு எல்லோரும் வெளியேறிவிட்டார்கள். ஆலன் ஒரு பழைய கொல்லன் பட்டறையைக் குதிரை பூட்டி இழுத்துவந்து 1794இல் கோயிலாக்கினார். பிற்பாடு அதே கோயில் ஏலத்துக்கு வந்தபோது, பத்தாயிரம் டாலருக்கு மேல் கொடுத்துத் தானே எடுத்தார். 1816இல் ஏ.எம்.இ. (ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல்) தனிச் சபையானது. கல்லறை பக்கத்தில் நின்றபடி அக்கா காலால் தரையைத் தட்டிக் காட்டினார்: “இந்த மண்ணுக்கு நாங்கள் யாருக்கும் வாடகை கொடுப்பதில்லை.”

மதுரை_சேகர்:
கிங் இருந்த மாண்ட்கோமரி நகரத்தில் நடந்ததும் அதுதான், சொந்தக் காலில் நின்றார்கள். பஸ்ஸில் கறுப்பினத்தவரை ஒதுக்கி உட்காரவைத்ததை எதிர்த்து 381 நாள் பஸ் புறக்கணிப்பு. ஆட்களை ஏற்றிப்போன வண்டிகள் சபைகளின் பெயரில். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரம்மா கோழி வறுத்து விற்று, அந்தக் காசைச் சர்ச் கூட்டத்தில் கொண்டுவந்து கொட்டுவார். எங்கிருந்து வந்தது என்றால் ‘எங்கிருந்தும் இல்லை’. வாங்கிச் சாப்பிட்டவர்களின் வேலை போய்விடக் கூடாதே.

கறுப்புமை:
கொஞ்சம் நிறுத்துங்கள். எல்லாச் சபையும் கிங் பின்னால் நிற்கவில்லை. மிகப் பெரிய கறுப்பின பாப்டிஸ்ட் அமைப்பின் தலைவர் ஜோசப் ஜாக்சன் அவரை எதிர்த்தார், 1961இல் அமைப்பே உடைந்தது. பெண்கள் விஷயம் இன்னும் மோசம். ஜரீனா லீ என்ற கறுப்பினப் பெண் பிரசங்கிக்க அனுமதி கேட்டபோது முதலில் மறுத்தவர் அதே ஆலன்தான்.

ஸ்டெல்லா_பிலடெல்பியா:
உண்மை. 1819இல் வேறொருவர் பிரசங்கத்தின் நடுவே ஜரீனாவே எழுந்து பேச ஆரம்பித்த பிறகுதான் ஆலன் இறங்கிவந்தார். ஏ.எம்.இ. சபைக்கு முதல் பெண் பேராயர் வாஷ்டி மெக்கென்சி வந்தது 2000இல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நெல்லை_மாணவன்:
181 வருஷம்! எனக்கு மொத்தமே ஐந்து நிமிஷம்தான் அக்கா. பாட்டியை வைத்துத் தொடங்கிவிடுகிறேன்.