பழைய ரேடியோவ கழட்டி ஃபஸ் பெடல் கட்டலாமா?

கிரீச்_கிட்டார்:
பரண்ல செத்துப்போன டேப் ரெக்கார்டர் ஒண்ணும் தாத்தாவோட டிரான்சிஸ்டர் ரேடியோ ஒண்ணும் கெடக்கு. பார்ட்ஸ் எடுத்து கிட்டாருக்கு ஃபஸ் பெடல் (கால்ல மிதிச்சா சத்தத்த கரகரனு உடைக்கற பெட்டி) கட்டலாம்னு பாக்கறேன், தேறுமா?

ரிச்சி_ரவுண்டு:
விடுங்க ப்ரோ. பிசி547 டிரான்சிஸ்டர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல சில்லறைக் காசு, ரெசிஸ்டர் அதவிட கம்மி. போர்டுல இருந்து புடுங்கினா கால் துளியூண்டுதான் மிஞ்சும், அதுல என்னத்த சால்டர் வைப்பீங்க? பெடல்ல காச திங்கறது அலுமினிய பெட்டி, பெரிய ஜாக், கால் ஸ்விட்ச். இந்த மூணும் டேப் ரெக்கார்டர்ல இருக்காது.

பழைய_இரும்பு:
பெட்டிக்கு சாப்பாட்டு டப்பா போதும்யா. டேப் ரெக்கார்டர் போர்டுலயே ஒரு டிஸ்டார்ஷனுக்கு வேண்டியது மொத்தமும் கெடக்கும், பிசி548 மாதிரி ஒரு என்பிஎன் டிரான்சிஸ்டர், எமிட்டர் நேரா கிரவுண்டு, கலெக்டர்ல இருந்து 9 வோல்ட்டுக்கு 4.7கே ரெசிஸ்டர், கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவுல 2.2 மெக் ரெசிஸ்டர், உள்ள வர்றதுக்கு ஒரு 104 கண்டென்சர் (0.1 மைக்ரோஃபாரட்) வெளிய போறதுக்கு ஒரு 104, அவுட்புட்ல ரெண்டு 1என்4148 டயோடு எதிரும் புதிருமா கிரவுண்டுக்கு, அவ்ளோதான் கதற ஆரம்பிச்சிரும். வால்யூமுக்கும் அதுலயே பாட் (திருப்பற குமிழ்) இருக்கு.
ரேடியோதான் மேட்டரே. அவுட்புட்ல ஏசி128 டிரான்சிஸ்டர் ஜோடியா இருந்தா அது ஜெர்மானியம், பிசி548 மாதிரி சிலிக்கான் இல்ல. 1966ல வந்த ஃபஸ் ஃபேஸ் பெடல் ஜெர்மானியத்துலதான் ஓடுச்சு.

ரிச்சி_ரவுண்டு:
வந்துட்டாருய்யா ஜெர்மானிய பக்தர். 10 டிகிரி சூடு ஏறினா அதுல லீக்கேஜ் (தானா கசியற கரண்ட்) கிட்டத்தட்ட டபுள் ஆகும். ஏசி ரூம்ல பயாஸ் (டிரான்சிஸ்டரோட ஆரம்ப வோல்ட்டேஜ்) வச்சுட்டு சித்திரை மாச கோயில் திருவிழா மேடைல போய் நின்னு பாருங்க, நோட் புஸ்ஸுனு அடங்கிடும். மல்டிமீட்டர்ல ஹெச்எஃப்இ (கெயின், அதாவது கரண்ட எத்தன மடங்கு பெருக்குது) 140 காட்டுதுனு சந்தோஷப்படுவீங்க, அதுல பாதி லீக்கேஜா இருக்கும்.

பழைய_இரும்பு:
அதுக்குத்தான் அளக்கணும்ங்கறேன். ஏசி128 பிஎன்பி, என்பிஎன்னுக்கு தலைகீழ், அதனால எமிட்டர் 9 வோல்ட் பேட்டரியோட பிளஸ்ல, கலெக்டர் 2.4கே ரெசிஸ்டர் வழியா மைனஸ்ல, பேஸ் சும்மா தொங்கட்டும். ரெசிஸ்டர் மேல 0.3 வோல்ட் வந்தா அது லீக்கேஜ். இப்ப பேஸ்ல இருந்து மைனஸுக்கு 2.2 மெக் வைங்க, 1.1க்கு ஏறுச்சுனா வித்தியாசம் 0.8, கெயின் சுமார் 80. ஃபஸ் ஃபேஸோட முதல் டிரான்சிஸ்டருக்கு அருமையான பீஸ். கையால பிடிச்சுக்கிட்டே அளக்காதீங்க, விரல் சூட்டுக்கே ரீடிங் ஓடும்.

சர்வீஸ்_அண்ணாச்சி:
ரெண்டு பேரும் முக்கியமானத விட்டுட்டீங்க. ரெசிஸ்டர், பச்சை கலர் பாலியெஸ்டர் கண்டென்சர், டயோடு எல்லாம் தாராளமா எடுக்கலாம், எலக்ட்ரோலைட்டிக்க மட்டும் தொடாதீங்க, 30 வருசத்துல உள்ள காஞ்சிருக்கும். ஆர்வக்கோளாறுல டிவி சப்ளை போர்டுல கை வைக்காதீங்க தம்பி, பிளக்க புடுங்கின பிறகும் பெரிய கண்டென்சர்ல 300 வோல்ட் நிக்கலாம். அந்த ரேடியோ பாடுதா இல்லையா மொதல்ல சொல்லுங்க.

கிரீச்_கிட்டார்:
பாடுது அண்ணாச்சி, மீடியம் வேவ் மட்டும்.

சர்வீஸ்_அண்ணாச்சி:
அப்ப அத மூடி வைங்க. செத்த ரேடியோ காயலான் கடைல கெடைக்கும்.

பழைய_இரும்பு:
அதுவும் சரிதான். ஆனா ஏசி128 போட்டா பாசிட்டிவ் கிரவுண்டு (பிளஸ்தான் கிரவுண்டு, மத்த பெடல்ல மைனஸ்), மத்த பெடலோட ஒரே அடாப்டர்ல கோத்தா சப்ளை ஷார்ட் ஆகிடும், தனியா 9 வோல்ட் பேட்டரி வாங்கிக்க.

ரிச்சி_ரவுண்டு:
அந்த பேட்டரி காசுக்கு எத்தன பிசி547 வரும்னு கணக்கு போட்டுச் சொல்லுங்க, கெளம்பறேன்.