மின்சாரம் நின்றால் விடுதிக் கதவு திறந்துகொள்கிறது: மின்காந்தப் பூட்டை மாற்ற வேண்டுமா?

கேள்வி: விடுதிக்காப்பாளர்

வணக்கம். கோவையில் பணிபுரியும் பெண்களுக்கான விடுதி ஒன்றை நடத்தி வருகிறேன். மூன்று தளங்களில் நாற்பத்திரண்டு பேர் தங்கியிருக்கிறார்கள். சென்ற மாதம் நுழைவாயில் கதவுக்கு 12 வோல்ட் மின்காந்தப் பூட்டு பொருத்தினோம். 280 கிலோ இழுவிசையைத் தாங்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. வெளியே கார்டு ரீடரும் உள்ளே எக்ஸிட் பட்டனும் இருக்கின்றன.

பொருத்திய பத்தாம் நாள் இரவு மின்தடை ஏற்பட்டது. காலையில் பால்காரர் வந்து, கதவு வெறுமனே சாத்தியிருக்கிறது என்று சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. இது தவிர, வெளியிலிருந்து வெடுக்கென்று இழுத்தால் கார்டு காட்டாமலே கதவு திறந்துகொள்கிறது. உள்ளே பட்டனை அழுத்தினாலோ ஓரிரு நொடி கழித்துத்தான் கதவு விடுபடுகிறது. பொருத்தியவரிடம் முறையிட்டபோது, இதைக் கழற்றிவிட்டு, மின்சாரம் இல்லாதபோதும் பூட்டியே இருக்கும் போல்ட் வகைப் பூட்டை (தாழ்க்கம்பி நீண்டு பூட்டும் வகை) போட்டுவிடலாம் என்கிறார். இரவு தீப்பற்றி மின்சாரமும் நின்றுபோனால் இத்தனை பேர் எப்படி வெளியேறுவார்கள் என்று எண்ணும்போது என் மனம் ஒப்பவில்லை. அவர் யோசனையை ஏற்கலாமா?

மறுமொழி 1: கம்பியும்காந்தமும்

அம்மா, தங்கள் அச்சம் மிகச் சரியானது. அந்த யோசனையை ஏற்க வேண்டாம். பதினைந்து ஆண்டுகளாக இந்த வேலையில் இருப்பவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன். மின்சாரம் பாயும்வரை காந்தம் கதவிலுள்ள இரும்புத் தகட்டைப் பிடித்திருக்கும்; மின்சாரம் நின்றதும் விட்டுவிடுவது மின்காந்தப் பூட்டின் இயல்பு. இன்று நாம் காணும் வடிவம் 1969-இல் மான்ட்ரியல் நகரத்து விளையாட்டரங்கின் கதவுகளுக்காக உருவானதே, தீ விபத்தின்போது கதவுகள் தாமாக விடுபட வேண்டும் என்ற தேவையால்தான்.

மின்தடைக்குத் தீர்வு பேட்டரி. இப்பூட்டு 12 வோல்ட்டில் ஏறத்தாழ அரை ஆம்பியர் இழுக்கும். 7 ஆம்பியர்-மணி பேட்டரியைத் தாமாகச் சார்ஜ் செய்யும் பவர் சப்ளையுடன் சேர்த்தால், கணக்குப்படி பதினான்கு மணி நேரம் தாங்க வேண்டும். ரீடருக்கும், கார்டைச் சரிபார்த்துப் பூட்டை இயக்கும் கண்ட்ரோலருக்கும் போகும் மின்சாரத்தையும் பேட்டரிக்கு வயதாவதையும் கழித்தால் எட்டு மணி நேரத்தை நம்பலாம். இதை முதல் நாளே கொடுக்காதது பொருத்தியவரின் குறை.

இழுத்தால் திறப்பதற்குப் பெரும்பாலும் காரணம் கதவில் இருக்கும் இரும்புத் தகடு. நடுவில் ஒரே போல்ட்டில், ரப்பர் வாஷரின் மேல் அது தொங்க வேண்டும். கட்டைவிரலால் ஓரத்தை அழுத்தினால் சற்றே அசைந்து கொடுக்க வேண்டும். அப்போதுதான் கதவு சிறிது கோணலாக வந்து சாத்தினாலும் தகடு தானே திரும்பிக் காந்தத்தின் முகத்தில் படியும். ஆடுகிறதே என்று அந்தப் போல்ட்டை இறுக முறுக்கிவிடுகிறவர்கள் ஏராளம். காந்தத்துக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி விழுந்தாலே பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். கதவைச் சாத்திப் பூட்டிய நிலையில், ஒரு தாளை நான்கு மூலைகளிலும் நுழைத்துப் பாருங்கள். எந்த மூலையில் நுழைகிறதோ அங்கே தகடு படியவில்லை. முகத்தில் தூசி இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் முலாம் போய்த் துருப்பிடிக்கும்.

அடுத்து, பவர் சப்ளை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று பாருங்கள். 0.5 சதுர மி.மீ. கம்பியில் முப்பது மீட்டர் தொலைவுக்குக் கொண்டுசென்றால், போக வர அறுபது மீட்டரில் ஏறத்தாழ ஒரு வோல்ட் வழியிலேயே இழக்கப்படும். பிடிப்பு ஏறக்குறைய மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், அந்த ஒரு வோல்ட்டை அலட்சியப்படுத்த இயலாது. மல்டிமீட்டரைப் பூட்டின் முனைகளிலேயே வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

பட்டன் தாமதத்துக்குக் காரணம், பூட்டுக்குக் குறுக்கே டயோடு (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு) போட்டிருப்பதாக இருக்கலாம். பூட்டுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்சான ரிலேயைக் காப்பதற்காகப் போடுவார்கள். ஆனால் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சுருளில் எஞ்சிய மின்னோட்டம் அதன் வழியே சுற்றிக்கொண்டிருப்பதால் காந்தம் உடனே விடாது. டயோடை எடுத்துவிட்டு வேரிஸ்டர் (மின்னழுத்தம் எகிறும்போது மட்டும் கடத்தும் உறுப்பு) போடச் சொல்லுங்கள்.

மறுமொழி 2: தீக்காப்பு

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஒரு திருத்தம் மட்டும் தேவை. மின்சாரம் இல்லாதபோது பூட்டியே இருக்கும் எல்லாப் பூட்டுகளும் ஆபத்தானவை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கதவுச் சட்டத்தில் பதிக்கும் எலெக்ட்ரிக் ஸ்ட்ரைக் வகையில், வெளிப்பக்கம் பூட்டியிருக்கும்போதே உள்ளிருப்பவர் சாதாரணக் கைப்பிடியைத் திருப்பி வெளியே வந்துவிடலாம். அதற்கு மின்சாரமே வேண்டாம். உங்களிடம் பரிந்துரைக்கப்பட்ட போல்ட் வகையில் அப்படிக் கைப்பிடி இருக்காது என்பதுதான் சிக்கல். மின்சாரம் நின்றால் உள்ளிருப்பவர் அடைபட்டுப் போவார்.

இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வெளியேறும் கதவைச் சாவியின்றி உள்ளிருந்து திறக்க முடிய வேண்டும் என்கிறது. தில்லி உப்ஹார் திரையரங்கில் 1997-இல் 59 பேர் மாண்டபோது, மேல்மாடத்தில் இருந்தவர்கள் வெளியே வர முடியாதபடி கதவு தாழிடப்பட்டிருந்தது. அந்த நிகழ்வை ஒவ்வொரு பயிற்சியிலும் நான் தவறாமல் சொல்வதுண்டு.

உங்கள் எக்ஸிட் பட்டன் கண்ட்ரோலருக்குச் செய்தி அனுப்புவதோடு நிற்கிறதா, பூட்டுக்குப் போகும் மின்சாரத்தையே துண்டிக்கிறதா என்று கேளுங்கள். செய்தி மட்டும் அனுப்பினால், கண்ட்ரோலர் செயலிழந்த நாளில் பட்டனால் பயனில்லை. பேட்டரி வைத்த பிறகு இது இன்னும் முக்கியமாகிறது. ஏனெனில் இதுவரை மின்தடையே உங்கள் கதவைத் திறந்துவிட்டது, இனி அது நடக்காது. அமெரிக்க விதிமுறையில், பட்டன் நேரடியாக மின்சாரத்தைத் துண்டிப்பதோடு, குறைந்தது 30 நொடி கதவு விடுபட்டே இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. பட்டனுக்கு அருகில் அழுத்தினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பச்சை நிற அவசரப் பெட்டி ஒன்றையும் பூட்டின் மின்வழியிலேயே தொடராகச் சேர்த்துவிடுங்கள். தீ எச்சரிக்கை மணி இருந்தால், அதன் ரிலேயும் அதே வழியில் வர வேண்டும்.

மறுமொழி 3: சர்க்யூட்சுந்தரி

ஒன்று மட்டும். பூட்டைத் திறக்கும் ரிலே வெளியே மாட்டியிருக்கும் ரீடருக்குள்ளேயே இருந்தால், திருப்புளி வைத்திருக்கும் எவரும் ரீடரைக் கழற்றிக் கதவைத் திறந்துவிடலாம். ரிலேயுள்ள கண்ட்ரோலர் கட்டடத்துக்குள் இருக்கட்டும். 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் கார்டுகளை எளிதில் நகல் எடுக்கலாம் என்பதால், தொலைந்த கார்டை அன்றே பட்டியலிலிருந்து நீக்குங்கள், சகோதரி.

மறுமொழி 4: விடுதிக்காப்பாளர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வேறோர் எலக்ட்ரீஷியனை வைத்து எல்லாவற்றையும் பார்த்தேன். மேல் இடது மூலையில் தாள் தடையின்றி முழுவதும் உள்ளே போய்விட்டது. போல்ட்டைச் சற்றுத் தளர்த்தியதும் நான்கு மூலைகளிலும் நுழையவில்லை. எங்கள் காவலர் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தும் கதவு அசையவில்லை. பூட்டின் முனையில் 10.9 வோல்ட்தான் இருந்தது, கம்பியை மாற்றிவிட்டோம். டயோடும் இருந்தது. பேட்டரி வைத்து, இரவு பத்து மணிக்கு மெயினை நிறுத்திவிட்டு நானே விழித்திருந்தேன். காலை ஆறு மணி வரை பூட்டு நின்றது. எக்ஸிட் பட்டன் கண்ட்ரோலருக்கு மட்டுமே இணைக்கப்பட்டிருந்ததைக் கண்டபோது எனக்குக் கை நடுங்கியது. இப்போது அது நேரடியாகத் துண்டிக்கிறது. அவசரப் பெட்டியை நாளை மாட்டுகிறார்கள். எந்த உயரத்தில் இருக்க வேண்டும்?

மறுமொழி 5: தீக்காப்பு

தரையிலிருந்து ஒரு மீட்டருக்கும் 1.2 மீட்டருக்கும் இடையில், கதவிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் வையுங்கள். மாட்டிய அன்று மாலையே தங்கியிருக்கும் எல்லோரையும் அழைத்து, ஒவ்வொருவரும் ஒரு முறை தம் கையாலேயே அழுத்திக் கதவைத் திறக்கும்படி செய்யுங்கள்.