ஆயுதம் கொடுத்தவர்கள் போரை நிறுத்திய விதம்: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

முருகேசன்: (முன்னனுப்பப்பட்ட செய்தி) 1948ல் இஸ்ரேல் பிறந்த நாளிலிருந்து அதற்கு ஆயுதம் கொடுத்தது அமெரிக்கா. அரபு நாடுகளுக்குக் கொடுத்தது ரஷ்யா. அன்று முதல் இன்று வரை இதுதான் கதை. அனைவருக்கும் பகிரவும்.

முருகேசன்: மச்சான், இது வேறொரு குரூப்பில் வந்தது. உண்மையா?

ராமநாதன்: 1948க்கு இது பொருந்தாது மாப்பிள்ளை. அந்தப் போரில் இஸ்ரேலுக்குக் கனமாக ஆயுதம் விற்றது செக்கோஸ்லோவாக்கியா. ஸ்டாலினின் சம்மதம் இல்லாமல் அது நடந்திருக்காது. துப்பாக்கிகள், இயந்திரத் துப்பாக்கிகள், போர் விமானங்கள் எல்லாம் வந்தன. அந்த விமானம் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட்டை ஒட்டிச் செக் ஆலையில் செய்தது, அதாவது ஹிட்லரின் விமானப்படை ஓட்டிய ரகம், ஹிட்லர் வீழ்ந்த மூன்றே வருடத்தில் அதில் யூத விமானிகள் ஏறி எகிப்தியப் படையைத் தாக்கினார்கள். அமெரிக்கா அங்கீகாரம் கொடுப்பதில் முந்திக்கொண்டது உண்மை, அவர்கள் ஜனாதிபதி ட்ரூமன் 11 நிமிடத்தில் அறிவித்துவிட்டார். ஆனால் அந்தப் பகுதிக்கு ஆயுதம் அனுப்ப 1947 டிசம்பரிலேயே தடை போட்டிருந்ததும் அதே அமெரிக்காதான்.

அரபுப் பக்கம் அப்போது ரஷ்யாவே இல்லை, பிரிட்டன்தான். ஜோர்டானின் ராணுவமான அரபு லீஜியனுக்குத் தளபதியே கிளப் பாஷா என்ற ஆங்கிலேயர்.

வித்யா: பெரியப்பா, அதே செக்கோஸ்லோவாக்கியா வழியாகத்தானே 1955ல் எகிப்துத் தலைவர் நாசருக்கும் ஆயுதம் போனது?

ராமநாதன்: அதேதான் வித்யா. ஏழு வருடத்தில் பக்கம் மாறிவிட்டது. மேற்கு ஆசியாவில் பிரிட்டனின் பிடி தளர வேண்டும் என்பது மாஸ்கோவின் கணக்கு. அதற்கு முதலில் இஸ்ரேல் உதவும் என்று நினைத்தார்கள், பிறகு நாசர் கிடைத்தார். 1956ல் பார், நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கியதும் பிரிட்டனும் பிரான்ஸும் இஸ்ரேலும் பாரிஸுக்குப் பக்கத்தில் செவ்ர் என்ற இடத்தில் ரகசியமாகக் கூடித் திட்டம் போட்டுத்தான் எகிப்தைத் தாக்கின. அவர்களைப் பின்வாங்க வைத்தது யார்? அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர். பவுண்டின் மதிப்பு சரிகிற நேரத்தில் கைகொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். மாஸ்கோவும் அதே நேரத்தில் மிரட்டியது.

முருகேசன்: அப்படியானால் 1967 போரில் இஸ்ரேல் ஜெயித்தது யார் ஆயுதத்தில்?

ராமநாதன்: வானத்தில் பெரும்பாலும் பிரான்ஸின் மிராஜ், மிஸ்டேர் விமானங்கள். எதிரில் சோவியத் மிக் விமானங்கள். அந்த ஜூனிலேயே பிரான்ஸ் ஜனாதிபதி டி கால் இஸ்ரேலுக்கு ஆயுதத் தடை போட்டுவிட்டார். அடுத்த வருடம் அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் பேன்டம் போர் விமானங்கள் கொடுக்கச் சம்மதித்தார். உங்கள் செய்தி சொல்கிற அமெரிக்கா-ரஷ்யா என்ற அணிவகுப்பு முழுதாக உருவானது அதற்குப் பிறகுதான்.

வித்யா: நல்ல வேளை இந்தப் பேச்சு வந்தது. எனக்குக் கருத்தரங்கத்துக்கு 1973 போர்தான் தலைப்பு. "வல்லரசுகளின் பங்கு" என்று கொடுத்திருக்கிறார்கள். எல்லாப் புத்தகத்திலும் அமெரிக்க விமானங்கள் வந்து இஸ்ரேலைக் காப்பாற்றின என்றே இருக்கிறது. அது சரியா?

முருகேசன்: அதில் என்ன சந்தேகம் வித்யா? அந்த விமானங்கள் வராவிட்டால் இஸ்ரேல் அன்றைக்கே முடிந்திருக்கும்.

ராமநாதன்: தேதியை வரிசையாக வைத்துப் பாருங்கள் மாப்பிள்ளை. அக்டோபர் 6 மதியம் எகிப்தும் சிரியாவும் ஒன்றாகத் தாக்கின. எகிப்தியர்கள் சூயஸ் கால்வாயைக் கடந்து, அக்கரையில் இருந்த மணல் அரணைத் தண்ணீர் பீய்ச்சியே கரைத்து வழி உண்டாக்கினார்கள். 8ந்தேதி, 67ல் எகிப்திடமிருந்து பிடித்திருந்த சினாயில் இஸ்ரேலின் எதிர்த்தாக்குதல் தோற்றது. டாங்கிகளைச் சோவியத்தின் சாகர் ஏவுகணை நிறுத்தியது. காலாட்படை வீரர் தோளில் பெட்டியாகச் சுமந்துபோய், மணலில் வைத்து, பின்னால் நீளும் கம்பி வழியாகவே அதைத் திருப்பி ஓட்டுவார். விமானங்களைத் தரையிலிருந்து ஏவும் சாம்-6 ஏவுகணை விழுத்தியது. அந்த மூன்று நாள்தான் இஸ்ரேலுக்கு உயிர்ப்பயம்.

ஆனால் 67ல் சிரியாவிடமிருந்து பிடித்திருந்த கோலான் குன்றுகள் பக்கம் 10ந்தேதிக்குள் சிரியப் படையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். அமெரிக்காவின் பெரிய விமானங்கள் டெல் அவீவ் அருகே லோட் நிலையத்தில் இறங்கத் தொடங்கியது 14ந்தேதி. அதே 14ந்தேதிதான் எகிப்தின் டாங்கிப் படை சாம் ஏவுகணைகளின் பாதுகாப்பு வளையத்தை விட்டு முன்னேறி வந்து பெரிய அடி வாங்கியது. அதாவது இறங்கிய சரக்கு போர்முனைக்குப் போய்ச் சேரும் முன்பே போர் திரும்பிவிட்டது.

வித்யா: அப்போது அந்த விமானங்களால் பயனே இல்லையா?

ராமநாதன்: உண்டு. இனிமேல் வரும் என்ற உறுதி வந்துவிட்டால் கையிருப்பை மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை, தைரியமாகச் செலவழிக்கலாம். 15ந்தேதி இரவு இஸ்ரேல் கால்வாயின் மேற்குக் கரைக்குத் தாண்டியதில் அந்த உறுதிக்குப் பங்கு உண்டு என்பது என் எண்ணம். மொத்தம் சுமார் 22,000 டன் வான்வழியாக வந்தது. சோவியத்தும் சும்மா இருக்கவில்லை, அவர்கள் விமானங்கள் அதற்கு முன்பே 9, 10 தேதிகளில் பறக்க ஆரம்பித்துவிட்டன, கப்பலிலும் நிறைய அனுப்பினார்கள்.

அசோக்: அப்பா, ஐரோப்பிய நாடுகள் அமெரிக்க விமானங்களை இறங்கவே விடவில்லை என்று படித்தேனே?

ராமநாதன்: ஆமாம் அசோக். அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்திவிடும் என்ற பயம். கடைசியில் போர்ச்சுகலைத்தான் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் கடுமையான கடிதம் எழுதிப் பணிய வைத்தார். அசோர்ஸ் தீவில் லஜெஸ் என்ற விமானத்தளம், அட்லாண்டிக் நடுவில். அங்கே இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு, மத்திய தரைக்கடலின் நடுவிலேயே, எந்த நாட்டு நிலத்தின் மேலும் பறக்காமல் போனார்கள். அதற்காக அரபு நாடுகள் போர்ச்சுகலையும் எண்ணெய்த் தடைப் பட்டியலில் சேர்த்தன.

கலா: அண்ணா, எத்தனை டன், என்ன விமானம் என்று எல்லாம் சொல்கிறீர்கள். கொடுத்தவர்களுக்கு அதை நிறுத்தவும் சக்தி இருந்ததா இல்லையா? எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

ராமநாதன்: இருந்தது கலா. வித்யா, உன் கட்டுரையில் இந்த இடத்தில்தான் நிதானமாக எழுத வேண்டும். 20ந்தேதி அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸிங்கர் மாஸ்கோ போனார். போர்நிறுத்தத் தீர்மானத்தின் வாசகத்தை அவரும் சோவியத் தலைவர் பிரெஷ்னேவும் உட்கார்ந்து முடித்தார்கள். 22ந்தேதி அதிகாலை ஐ.நா. பாதுகாப்பு சபையில் அது 338ஆம் தீர்மானமாக நிறைவேறியது. சண்டை போட்டுச் செத்துக்கொண்டிருந்த மூன்று நாட்டுக்கும் முடிந்துபோன வாசகம்தான் கைக்கு வந்தது.

அதன் பிறகும் சண்டை ஓயவில்லை. இஸ்ரேல் தெற்கே நகர்ந்து சூயஸ் நகரத்துக்குப் பக்கத்தில் எகிப்தின் மூன்றாவது படையை வளைத்துவிட்டது. ஆயிரக்கணக்கான வீரர்கள் பாலைவனத்தில் தண்ணீரும் மருந்தும் வராமல் மாட்டிக்கொண்டார்கள். 24ந்தேதி இரவு, நாம் இருவரும் சேர்ந்து படை அனுப்புவோம், நீங்கள் வராவிட்டால் நாங்கள் தனியாக முடிவெடுக்க வேண்டியிருக்கும் என்ற பொருளில் பிரெஷ்னேவ் கடிதம் அனுப்பினார். அமெரிக்கா தன் படைகளை, அணு ஆயுதப் படை உட்பட, டெஃப்கான் 3 என்ற உஷார் நிலைக்குக் கொண்டுபோனது. அப்புறம் என்ன நடந்தது? கிஸிங்கர் இஸ்ரேலை நெருக்கினார், மூன்றாவது படைக்கு உணவும் தண்ணீரும் போக விட்டார்கள். அந்தப் படையைப் பிழைக்க வைத்தது, எதிரிக்கு ஆயுதம் கொடுத்த அமெரிக்கா. ஏன் என்றால் எகிப்து ஜனாதிபதி சதாத்தைச் சோவியத்திடமிருந்து தன் பக்கம் இழுக்க அவர் முழுதாகத் தோற்காமல் இருப்பது அவர்களுக்குத் தேவைப்பட்டது.

கலா: அந்த நெருக்குதலை முதல் வாரமே கொடுத்திருந்தால் எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பியிருப்பார்கள்?

ராமநாதன்: நிறையப் பேர். என் கோபமும் அதுதான் கலா.

வித்யா: ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை பெரியப்பா. எல்லாம் வல்லரசுகளின் கையில் இருந்தது போலச் சொல்கிறீர்கள். சதாத் 1972 ஜூலையில் சோவியத் ஆலோசகர்கள் ஆயிரக்கணக்கானவர்களை வெளியே அனுப்பினார். அப்படியும் அவருக்கு ஆயுதம் வந்தது. போரின் முதல் நாள் இரவே சோவியத் தூதர் போர்நிறுத்தம் பற்றிப் பேசினார், சதாத் மறுத்துவிட்டார். சினாயை மீட்கிற தீர்மானம் அவருடையது, மாஸ்கோவுடையது இல்லை.

ராமநாதன்: நியாயமான வாதம். அதை அப்படியே எழுது. தொடங்குவது அவர்கள் கையில் இருந்தது. தொடர்ந்து நடத்துவதுதான் அடுத்தவன் கையில் இருந்தது. அந்தக் காலத்துப் போரில் ஒரு நாளைக்குச் செலவாகிற குண்டும் உதிரிப் பாகமும் சொந்த நாட்டில் தயாரிக்க முடியாது. அதே 73ல் பிரிட்டன் இரண்டு பக்கமும் ஆயுதத் தடை என்றது. கேட்க நடுநிலை மாதிரி இருக்கும், ஆனால் இஸ்ரேலிடம் இருந்த செஞ்சூரியன் டாங்கிகள் பிரிட்டனில் செய்தவை, அவற்றுக்கு உதிரிப் பாகம் நின்றுபோனது.

முருகேசன்: எண்ணெய் விலை ஏறியது இந்தப் போரால்தானே மச்சான்?

ராமநாதன்: ஆமாம். பீப்பாய் சுமார் 3 டாலரிலிருந்து 1974 ஜனவரியில் 12 டாலரை நெருங்கியது. நம் நாடு அரபுப் பக்கம்தான் பேசியது, ஆனாலும் அதே விலைதான் கொடுத்தோம். கால்வாய் வேறு 67லிருந்து மூடிக் கிடந்தது. நான் கப்பலில் எஞ்சின் அறையில் சேர்ந்த காலம் அது, பம்பாயில் ஏற்றிய சரக்கை ஐரோப்பா சேர்க்க ஆப்பிரிக்காவை முழுக்கச் சுற்ற வேண்டும். கால்வாய் வழியில் இருக்கிற கிரேட் பிட்டர் ஏரியில் 14 கப்பல்கள் எட்டு வருடம் நகர முடியாமல் நின்றன, மேல்தளம் எல்லாம் பாலைவன மணல். 1974ல் அந்தக் கால்வாயையும் சூயஸ் வளைகுடாவையும் கண்ணிவெடி எடுத்துச் சுத்தம் செய்ய வந்தவர்கள் யார் தெரியுமா? அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் கடற்படைகள். 75 ஜூன் 5ல்தான் திறந்தது.

அசோக்: இப்போதும் அதே கதைதான் அப்பா. 2016ல் போட்ட ஒப்பந்தப்படி இஸ்ரேலுக்கு அமெரிக்கா பத்து வருடத்துக்கு 3,800 கோடி டாலர் ராணுவ உதவி. எகிப்துக்கும் வருடம் 130 கோடி டாலர் போகிறது. அந்தப் பக்கம் லெபனானின் ஆயுதக் குழு ஹிஸ்புல்லாவுக்கு ஈரான். 2025 ஜூன் 23 அன்று நான் தோகாவில் அறையில் இருந்தேன், இருட்டிய பிறகு கண்ணாடி அதிர்ந்தது, வானத்தில் ஒளிக்கோடுகள் மேலே போய் வெடித்தன. ஈரான் இங்கே இருக்கிற அமெரிக்காவின் அல் உதெய்த் தளத்தை அடித்திருக்கிறது. எங்கள் கட்டடத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் பிழைக்க வந்தவர்கள், பாதிப் பேர் படிக்கட்டில் நின்று வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கலா: அன்றைக்கு நீ போன் எடுக்கும் வரை எங்களுக்கு உயிரே இல்லை அசோக். வித்யா, கட்டுரையில் ஊர்க்காரர்கள் எங்கே? சூயஸ் பக்கம் ஜனங்கள் இருந்தார்களே, அவர்கள் என்ன ஆனார்கள்?

ராமநாதன்: 67க்குப் பிறகு கால்வாய்க் கரையில் ஓயாமல் பீரங்கிச் சண்டை. சூயஸ், இஸ்மாயிலியா, போர்ட் சயீத் மூன்று ஊரிலிருந்தும் லட்சக்கணக்கான பேரை எகிப்து அரசு வேறு ஊர்களுக்கு அனுப்பியது. வருடக்கணக்கில் சொந்தக்காரர் வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் தங்கினார்கள். கோலானிலிருந்து 67லேயே கிளம்பிய சிரியர்களில் பெரும்பாலானவர்கள் திரும்பவே இல்லை.

வித்யா: தேதி வரிசையை இன்றிரவே எழுதிவிடுகிறேன் பெரியப்பா. கால்வாய் ஊர்களுக்குத் தனிப் பகுதி வைக்கிறேன் அத்தை. முருகேசன் மாமா, அந்தச் செய்தி வந்த குரூப்பில் 1948 பற்றிப் பெரியப்பா எழுதியதை மட்டும் போட்டுவிடுங்கள்.

முருகேசன்: இப்போதே போடுகிறேன். மச்சான், அந்த விமானம் ஹிட்லர் படை ஓட்டிய ரகம் என்றீர்களே, கேட்டால் பெயர் சொல்ல வேண்டும்.

ராமநாதன்: ஆவியா எஸ்-199.