மின்சார ரயில்தானே, கைக்குட்டையில் கரி எப்படி?

கூடுவாஞ்சேரி பயணி:
மூன்று வருடமாக கூடுவாஞ்சேரியிலிருந்து கிண்டிக்கு தினமும் லோக்கல் ரயில்தான். காலையில் உட்கார இடம் கிடைக்காது, வாசல் கம்பியைப் பிடித்தபடி நின்றே போவேன். ஆபீஸ் போனதும் வெள்ளைக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தால் மூக்கோரம் பட்ட இடம் மட்டும் சாம்பல் நிறமாகிவிடுகிறது. டீசல் எஞ்சினே இல்லாத லைனில் இது எங்கிருந்து வருகிறது? மாஸ்க் போடணுமா, இல்லை காசு போனாலும் பரவாயில்லை என்று ஏசி லோக்கலுக்கு மாறிவிடலாமா?

ஷெட் பென்ஷன்காரர்:
தம்பி, ரயில் பெட்டிகளின் பிரேக் வேலையிலேயே காலத்தை ஓட்டியவன் நான். புகை இல்லை என்றால் தூசியும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள், அதுதான் தப்பு. பிரேக் பிளாக் புதிதாகப் போடும்போது நல்ல தடிமனாக இருக்கும், கழற்றும்போது பிஸ்கட் மாதிரி கையில் வரும். மீதி எங்கே போனது என்று நினைக்கிறீர்கள்? சக்கரத்தில் உரசி உரசிப் பொடியாகிக் காற்றில்தான். லோக்கல் வண்டி ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிற்கிறது, ஒவ்வொரு ஸ்டேஷனுக்குள் நுழையும்போதும் அந்தக் காய்ந்த இரும்பு வாசனை வருமே, அதுதான் இது. சக்கரமும் தண்டவாளமும் தேய்கிற பொடி வேறு. புது த்ரீ-ஃபேஸ் மோட்டார் வைத்த ரயில்களில் அந்த மோட்டாரே பெரும்பாலும் வேகத்தைக் குறைத்து மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பி அனுப்பிவிடும், அதனால் பிளாக் தேய்வது குறைவு.

ஆனால் உங்கள் கைக்குட்டைக் கரியை முழுக்க ரயில் தலையில் கட்ட முடியாது. பெருங்களத்தூர், பல்லாவரம், மீனம்பாக்கம் என்று வழி நெடுக ஜிஎஸ்டி ரோடு பக்கத்திலேயே வருகிறது. லாரிப் புகையும் ரோட்டுப் புழுதியும் நீங்கள் நிற்கும் வாசல் வழியாகத்தான் உள்ளே வரும்.

கென்டன் தமிழன்:
நான் இருப்பது லண்டனில். இங்கே சுரங்க ரயிலில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வருவது ஊருக்கே தெரிந்த விஷயம். ஹாம்ப்ஸ்டெட் ஸ்டேஷன் பிளாட்பாரம் தரைக்குக் கீழே 58 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அங்கே பிஎம் 2.5 எனும் நுண்தூசி சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 492 மைக்ரோகிராம் என்று 2019-இல் அரசு ஆலோசனைக் குழு ஒன்றின் அறிக்கை வந்தது. ஒரு நாள் சராசரி 15-ஐத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. யாரும் 24 மணி நேரமும் பிளாட்பாரத்திலேயே நிற்பதில்லை, அதனால் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பயப்பட வேண்டாம். அந்தத் தூசியில் பெரும்பங்கு இரும்பு, கூடவே நம் தலைமுடி, துணி நூல், தோல் செதில். ராத்திரி ரயில் நின்ற பிறகு ஆட்கள் இறங்கி சுத்தம் செய்கிறார்கள்.

உங்கள் லைன் திறந்தவெளி, வருகிற தூசி காற்றோடு போய்விடும். சுரங்கத்தில் அது போக வழியில்லாமல் ஒவ்வொரு ரயிலும் கிளப்பிக் கிளப்பி விடும்.

மீட்டர்காரி:
ஏசிக்கு மாறலாமா என்று கேட்டீர்களே, அதற்கு ஒரு வார்த்தை. கையடக்க மீட்டர் ஒன்றை ஏசி பெட்டிக்குள் கொண்டுபோய்ப் பார்த்தேன். தூசி எண் குறைந்தது உண்மை, ஆனால் கூட்டம் ஏற ஏற கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போனது. வெளியே அது 420 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) சுற்றி இருக்கும், உள்ளே அதைப் போல மூன்று மடங்குக்கு மேல். அதுவே விஷம் என்று சொல்லவில்லை, பக்கத்து ஆள் விட்ட மூச்சைத்தான் நாமும் இழுக்கிறோம் என்பதற்கு அடையாளம். ஃப்ளூ காலத்தில் அதுவும் கணக்குத்தான். மாஸ்க் போடுவதென்றால் என்95, அதுவும் மூக்கோரம் இடைவெளி இல்லாமல். துணி மாஸ்க்கை நம்பாதீர்கள், நுண்தூசி பக்கவாட்டில் புகுந்துவிடும்.

கூடுவாஞ்சேரி பயணி:
எல்லாருக்கும் நன்றி. ஐயா, ஒரே ஒரு சந்தேகம். ஊருக்குப் போகும்போது எக்ஸ்பிரஸ் ரயில் கடைசிப் பெட்டியில் டீசல் வாசனை அடித்ததே, அதுவும் மின்சார எஞ்சின் இழுத்த வண்டிதான்.

ஷெட் பென்ஷன்காரர்:
அது பவர் கார் தம்பி. எல்எச்பி எனும் புதுவகைப் பெட்டிகளுக்கு லைட், ஏசி எல்லாம் ஓட வண்டியின் இரண்டு முனையிலும் டீசல் ஜெனரேட்டர் பெட்டி கோர்ப்பார்கள். இப்போது எஞ்சினே மேல்கம்பியிலிருந்து கரண்ட் எடுத்துப் பெட்டிகளுக்குக் கொடுக்கும் எச்ஓஜி முறை வந்துவிட்டதால் பல வண்டிகளில் அது சும்மாதான் இருக்கும். ஓடினால் பக்கத்துப் பெட்டிக்காரருக்குக் காதும் மூக்கும் போச்சு. டிக்கெட் எடுக்கும்போது முடிந்தால் நடுப்பெட்டியாகப் பாருங்கள்.

லோக்கலிலும் வாசலை விட்டு நாலடி உள்ளே தள்ளி நின்று பாருங்களேன், ஒரு வாரம்.

கூடுவாஞ்சேரி பயணி:
உள்ளே தள்ளி நின்றால் கிண்டியில் இறங்க முடியாது ஐயா, சைதாப்பேட்டைக்குப் போய்த் திரும்பி வரணும் 😅 சரி, நாளைக்கு என்95 போட்டுக்கொண்டு அதே வாசலில் நின்று பார்க்கிறேன். கைக்குட்டை எப்படி இருக்கிறது என்று சாயங்காலம் சொல்கிறேன்.