கட்டம் மாறாமல் எடுத்தால் கதை மாறாதா? சித்திரக்கதைப் படங்கள் பற்றி ஒரு விவாதம்

வாவிக்கரை வாசகன் எழுதியது:

ஸ்பைடர்மேன் படங்களைப் பற்றிச் சென்ற வாரம் கதைத்துக்கொண்டிருந்தபோது, படம் நன்றாக வந்திருந்தால் போதும், சித்திரக்கதையில் என்ன இருந்தது என்று பக்கம் புரட்டி ஒப்பிடுவது வாசகர்களின் வீண் பிடிவாதம் என்று கல்முனை நானா சொல்லி முடித்துவிட்டார். அதற்கு மறுமொழி எழுதாமல் விட எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஒரு கதாபாத்திரத்தின் பெயரைப் போட்டு மக்களைத் திரையரங்குக்கு அழைப்பவர், அந்தப் பெயருக்கு மதிப்புத் தேடித்தந்தது எதுவோ அதைக் கைவிடக் கூடாது என்பதே என் நிலைப்பாடு. சாகச நாயகி மாடஸ்டி பிளைசியை எடுத்துக்கொள்வோம். சிவகாசியின் லயன் காமிக்ஸ் 1984இல் தொடங்கியதே மாடஸ்டியின் கதையோடுதான் என்பதால், அவளை இங்குள்ள பழைய வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பீட்டர் ஓ'டொனல் 1963 முதல் எழுதிய அத்தொடரின் உயிர், மாடஸ்டிக்கும் அவளுடைய சாகசத் தோழன் கார்வினுக்கும் இடையில் இருந்த, காதலாகாத அந்த நெருக்கம். கார்வின் அவளை இளவரசி என்பான். அவளுக்காக உயிரையும் கொடுப்பான். அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஜோசப் லோசி 1966இல் எடுத்த படமோ இருவரையும் சேர்ந்து காதல் பாட்டுப் பாட வைத்தது. ஓ'டொனல் எழுதிக்கொடுத்த திரைக்கதையைப் பிறர் மாற்றி மாற்றி எழுதினார்கள். அவர் அதையே நாவலாக எழுதி 1965இல் வெளியிட்டார். இன்றும் வாசிக்கப்படுவது அந்த நாவல்தான். படத்தைத் தேடிப் பார்ப்பவர்கள் அரிது.

கல்முனைக் கடலோரம் எழுதியது:

தம்பி காட்டிய படம் தேறாத படம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூலத்தை மீறியதால்தான் அது தேறவில்லை என்ற முடிவுக்கு எப்படி வந்தீர்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. நம் எல்லோருக்கும் பிடித்த கௌபோய் நாயகன் டெக்ஸ் வில்லரை இத்தாலியில் 1985இல் படமாக்கினார்கள். சித்திரக்கதைகளில் வந்த நிகழ்ச்சிகளையே எடுத்துக் கோத்தார்கள். டெக்ஸைப் படைத்த ஜியான்லூயிஜி பொனெல்லியே அதில் கதை சொல்லும் முதியவராகத் தோன்றினார். படைத்தவரையே கூட்டிவந்து உட்கார வைத்தும் அந்தப் படம் எடுபடவில்லை.

மறுபுறத்தில் ‘ஓல்ட்பாய்’ இருக்கிறது. 1996 முதல் 1998 வரை ஜப்பானில் வந்த அந்த மங்காவிலிருந்து (அந்நாட்டுச் சித்திரக்கதை), காரணம் சொல்லாமல் அடைத்து வைக்கப்பட்டு ஒரு நாள் திடீரென்று வெளியே விடப்படும் மனிதன் என்ற நிலைமையை மட்டுமே கொரிய இயக்குநர் பார்க் சான்-வூக் எடுத்துக்கொண்டார். மூலத்தில் பத்து ஆண்டுச் சிறை படத்தில் பதினைந்து ஆண்டானது பெரிய விடயமல்ல. ஏன் அடைத்தார்கள் என்ற கதையின் ஆணிவேரையே அவர் பிடுங்கிவிட்டு, வேறொன்றை நட்டார். 2003இல் வந்த அந்தப் படம் அடுத்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரி விருது பெற்றது. இதை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்? மூலத்துக்குக் கட்டுப்பட்டது தோற்கிறது, கட்டுப்படாதது வெல்கிறது என்று நான் விதி செய்ய வரவில்லை. கட்டுப்பாட்டுக்கும் தரத்துக்கும் தொடர்பில்லை என்று மட்டுமே சொல்கிறேன்.

ஏறாவூர்ப் பென்சில் எழுதியது:

நானாவும் தம்பியும் கதையைப் பற்றியே கதைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பாடசாலையில் சித்திரப் பாடம் எடுப்பவள் என்ற முறையில், படத்தைப் பற்றியும் ஒருவர் கதைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த, முகமூடி வீரர்களைப் பற்றிய ‘வோச்மென்’ சித்திரக்கதை 1986, 1987ஆம் ஆண்டுகளில் பன்னிரண்டு இதழ்களாக வந்தது. அதன் ஐந்தாம் அத்தியாயத்தை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். இருபத்தெட்டுப் பக்கங்களில் முதற்பக்கக் கட்டங்களின் அமைப்பைக் கடைசிப் பக்கம் கண்ணாடிபோல் திருப்பிக் காட்டும். இரண்டாம் பக்கத்துக்கு இருபத்தேழாம் பக்கம் இணை. இப்படியே இரு முனையிலிருந்தும் நெருங்கி வந்து, நடுவிலுள்ள பதினான்காம், பதினைந்தாம் பக்கங்களில், தன்னைக் கொல்ல வந்தவனை முன்னாள் முகமூடி வீரன் ஒசிமாண்டியாஸ் அடித்து வீழ்த்தும் இடத்தில் அந்த அமைப்பு சந்திக்கிறது. புத்தகத்தை இரு கைகளாலும் விரித்துப் பிடித்தால்தான் அது தெரியும். ஸாக் ஸ்னைடரின் 2009ஆம் ஆண்டுப் படத்தில் அந்தக் கொலை முயற்சி இருக்கிறது. ஆனால் நடுப்பக்கம் என்ற ஒன்று திரையில் எப்படி இருக்க முடியும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு கட்டங்களுக்கு இடையிலுள்ள வெள்ளை இடைவெளியில் எவ்வளவு நேரம் கழிகிறது என்பதை வாசிப்பவர்தான் தீர்மானிக்கிறார். விரும்பினால் அவர் ஒரு கட்டத்தில் பத்து நிமிடம் நிற்கலாம். ஸ்னைடர் இதை உணர்ந்தவர் என்றே நினைக்கிறேன்; அதனால்தான் சண்டைக் காட்சிகளின் வேகத்தைக் குறைத்து, வரையப்பட்ட கட்டத்தைக் கொஞ்ச நேரம் திரையில் நிறுத்திக் காட்ட முயல்கிறார். ஆனால் கிப்பன்ஸ் வரைந்த அடிதடி அருவருப்பானது, சட்டென்று முடிந்துவிடுவது. பார்ப்பவருக்கு அதில் மகிழ்ச்சி வரக் கூடாது என்பதற்காகவே அப்படி வரையப்பட்டது. வேகத்தைக் குறைத்ததும் அதே அடி அழகாகிவிட்டது. கோணமும் உடையும் ஒளியும் அச்சொட்டாக இருந்தும், பார்ப்பவர் மனதில் எழும் உணர்ச்சி நேரெதிரானது. இதை விசுவாசம் என்று சொல்ல என்னால் முடியவில்லை, துரோகம் என்று சொல்லவும் முடியவில்லை.

வாவிக்கரை வாசகன் எழுதியது:

டீச்சர் சொன்னதை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். அது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. கட்டங்களை அப்படியே பார்த்து எடுப்பது வேறு, மூலத்துக்கு உண்மையாக இருப்பது வேறு. ஸ்னைடர் எங்கே உண்மையாக இருந்திருக்க வேண்டுமோ அங்கேதான் மாற்றினார். சித்திரக்கதையின் முடிவில், செயற்கையாக உருவாக்கப்பட்ட ஒரு விண்வெளி அரக்கன் நியூயோர்க் நகரின் நடுவில் வந்து விழுகிறது. வெளியிலிருந்து எதிரி வந்துவிட்டான் என்று நம்பியே அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் கைகோக்கின்றன. படத்தில் அந்த அரக்கன் இல்லை. அழிவுக்கான பழி டொக்டர் மன்ஹாட்டன் மீது விழுகிறது. மன்ஹாட்டன் யார்? தன் அதிமானுட சக்தியால் வியட்நாமில் அமெரிக்காவுக்குப் போர் வென்று கொடுத்தவன். அவன் மொஸ்கோவை அழித்தால், சோவியத் தலைவர்கள் அமெரிக்காவைத் தானே முதலில் கேட்டிருப்பார்கள்? கேலிக்குரிய ஒரு அரக்கனைத் திரையில் காட்டத் தயங்கியதற்காகக் கதையின் அரசியல் தர்க்கமே பறிபோனது.

இதற்கு மாறாக, டேமன் லின்டெலோஃப் 2019இல் செய்த ‘வோச்மென்’ தொலைக்காட்சித் தொடர் புதிய மனிதர்களையும் புதிய காலத்தையும் எடுத்துக்கொண்டு, 1921இல் டல்சா நகரில் கறுப்பினத்தவர்கள் மீது நடந்த படுகொலையிலிருந்து தொடங்கியது. சித்திரக்கதையின் முடிவை மட்டும் நடந்து முடிந்த வரலாறாக அப்படியே வைத்துக்கொண்டது. முகமூடி போட்டவனுக்கு அதிகாரம் கொடுத்தால் என்னவாகும் என்று மூர் எழுப்பிய கேள்வியை அது மீண்டும் எழுப்பியது. இரண்டில் எது மூலத்துக்கு நெருக்கமானது என்று கேட்டால், தொடரைத்தான் காட்டுவேன். மூர் இவை எதிலும் தன் பெயர் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார் என்பது தனிக்கதை.

கல்முனைக் கடலோரம் எழுதியது:

தம்பி மெல்ல இடம் மாறிவிட்டீர்கள். கார்வினும் மாடஸ்டியும் பாடியது பிழை என்று தொடங்கியவர், இப்போது ஆட்களையும் ஊரையும் ஆண்டையும் மாற்றிய தொடரே உண்மையானது என்கிறீர்கள். எது கதையின் உயிர், எது வெறும் தோல் என்று தீர்ப்புச் சொல்பவர் யார்? நீங்கள் சொன்னால் அது உயிர், இயக்குநர் சொன்னால் அது துரோகம் என்பது நியாயமாகப் படவில்லை.

களரி நிழல் எழுதியது:

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். கூத்தாடும் குடும்பத்திலிருந்து வந்தவன் என்பதால், இந்தச் சண்டையை நான் வேறு பெயரில் சிறு வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன்.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன், மட்டக்களப்பின் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடியைப் படச்சட்ட மேடைக்கு, அதாவது முன்பக்கம் மட்டும் திறந்த அரங்குக்குக் கொண்டுபோனபோது, கூத்துப் பழக்கும் ஆசானான வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரை அழைத்துப் பழக்குவித்தார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ எல்லாம் அப்படி வந்தவை. சுற்றிவர இருந்து மக்கள் பார்க்க, விடிய விடிய வட்டக்களரியில் ஆடும் கூத்து, இரண்டு மணித்தியாலத்துக்கும் குறைந்த நாடகமாகச் சுருங்கியது. ஊரில் ஒரு ராஜா களரிக்கு வந்தால் மத்தளமும் சல்லரியும் முழங்க, வரவுத் தாளத்துக்குச் சுற்றி ஆடி, தான் இன்னார் என்று பாடி முடிப்பதற்குள் பார்ப்பவர் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். மேடையில் அந்த வரவு குறுகியது. ‘இராவணேசன்’ இன்னும் ஒரு படி மேலே போனது. மௌனகுருவின் எழுத்தில் இராவணன் அழிக்கப்பட வேண்டியவனாக அல்லாமல், துயரம் சுமக்கும் வீரனாக நின்றான். இதெல்லாம் கூத்தா என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மேடையில் அப்படிச் சுருக்கியபோது, ஊரில் முழுக்கூத்து ஆடப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதையும் போய்ப் பார்க்கலாம். மாற்றியவர்கள் எதையும் இல்லாமல் ஆக்கவில்லை. ஆகவே மூலம் எவ்வளவு எளிதாகக் கையில் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே மாற்றுபவரின் உரிமையும் அமைய வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஸ்பீல்பேர்க் 2011இல் எடுத்த டின்டின் படத்தில் சாக்கரின் என்பவன் வில்லனாகிறான். ஹெர்ஜேயின் புத்தகத்தில் அவன் கப்பல் மாதிரிகள் சேர்க்கும் ஒரு அப்பாவி. அதனால் யாருக்கும் நட்டமில்லை, ஏனென்றால் அந்தப் புத்தகம் உலகமெங்கும் விற்பனையில் இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகளில் ‘வோச்மென்’ புத்தகத்தைக் கண்ணால் கண்டவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்குப் படம்தான் மூலம். அரக்கன் விழுந்த கதை அவர்களுக்குத் தெரியவே வராது.

கல்முனைக் கடலோரம் எழுதியது:

களரி சொன்னது புதுக் கோணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புத்தகக் கடையின் இருப்பைப் பார்த்து இயக்குநர் திரைக்கதை எழுத வேண்டும் என்றல்லவா அது முடிகிறது? கொழும்பில் கிடைக்கும் புத்தகம் மட்டக்களப்பில் கிடைக்காது என்பதற்காக ஹொலிவூட்டில் ஒருவர் கை கட்டி நிற்க முடியாது.

அதுவுமன்றி, நாம் மூலம் என்று மார் தட்டுவது எதை? பொக்கெட் அளவு இதழுக்குள் அடக்குவதற்காகப் பெரிய பக்கத்தின் கட்டங்களை வெட்டி, இடம் மாற்றி ஒட்டி, வண்ணத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிய பதிப்புகளைத்தானே நாம் வாசித்தோம்? டீச்சர் சொன்ன நடுப்பக்க அமைப்பெல்லாம் அந்த வெட்டுக்குத் தப்பியிருக்குமா? போர்க்காலத்தில் கைமாறி வந்த ராணி காமிக்ஸ் பிரதிகளில் கடைசித் தாளே இருக்காது. கொலைகாரன் யார் என்று நாங்களே முடிவு கட்டிக்கொள்வோம். ஏற்கெனவே மாற்றப்பட்டதை வாசித்து வளர்ந்த நாம், மாற்றாதே என்று சொல்வது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது.

அக்கரைப்பற்று அலை எழுதியது:

ஒரு சந்தேகம். முத்து காமிக்ஸ் 1972இல் தொடங்கியபோது முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவியை நாளை ஒருவர் படமாக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிரித்தானியாவின் ‘வேலியன்ட்’ இதழில் 1962இல் அறிமுகமானபோது மாயாவி, அதாவது லூயி கிராண்டல், மின்சாரம் பாய்ந்து உடல் மறைந்ததும் வங்கிகளைக் கொள்ளையிட்ட குற்றவாளி. பிறகு திருந்தி இரகசிய உளவாளியானான். இன்னும் பிறகு, கொஞ்சக் காலம் உடை மாட்டிய சுப்பர் ஹீரோவாகவும் வந்தான். மூன்றும் ஒரே தொடர்தான். வாவிக்கரை அண்ணன் எந்த மாயாவிக்கு விசுவாசமாக இருக்கச் சொல்வார்?

வாவிக்கரை வாசகன் எழுதியது:

உளவாளிக்கு. தமிழ் வாசகர் மனதில் இருப்பவன் அவன்தான். ஆனால் மூன்று மாயாவிகளுக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. மின்சாரம் பாயாமல் அவனால் மறைய முடியாது. மறைந்த பின்னும் அந்த இரும்புக்கை மட்டும் வெளியே தெரியும். அந்தக் கையை எங்கே ஒளிப்பது என்பதில்தான் அரைவாசிக் கதை நடக்கிறது. கையையும் சேர்த்து மறைத்துவிட்டால் காட்சி எடுப்பது எளிது என்று ஒருவர் நினைப்பாரானால், அவர் வேறு பெயரில் வேறு படம் எடுக்கட்டும். சாம் ராய்மி 2002இல் ஸ்பைடர்மேனின் மணிக்கட்டிலிருந்தே வலை வரவைத்ததையும் நான் இதனால்தான் ஏற்கவில்லை. 1962 முதல் பீட்டர் பார்க்கர் வலை வீசும் கருவியைத் தானே செய்துகொண்டவன். பணமில்லாத ஒரு பையனின் மூளை அதில் தெரிந்தது. தேவைப்படும் நேரத்தில் வலைத்திரவம் தீர்ந்துபோகும் பதற்றமும் அதனோடு போய்விட்டது.

கல்முனைக் கடலோரம் எழுதியது:

பருவ வயதில் உடம்பு சொல்லாமல் கொள்ளாமல் மாறும் சங்கடத்தை ராய்மி அந்த மாற்றத்தால் பிடித்தார். ஒன்றை விட்டு ஒன்றைப் பெற்றார். மாயாவியின் கையைப் பற்றி தம்பி சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உளவாளியிலிருந்து தொடங்கும் படத்துக்கு நான் ரிக்கெட் எடுக்க மாட்டேன். கையை இழந்து, கசந்துபோய், எவர் கண்ணிலும் படாத வல்லமை கிடைத்ததும் கொள்ளையடிக்கப் போகும் மனிதன்தான் சுவையானவன். முதலில் எழுதப்பட்டதும் அவனே. ஆக, இந்த ஒரு படத்தைப் பொறுத்தவரை மூலத்துக்குக் கட்டுப்படச் சொல்பவன் நான். மாற்றச் சொல்பவர் தம்பி.

வாவிக்கரை வாசகன் எழுதியது:

முதலில் எழுதப்பட்டதெல்லாம் மூலம் என்று நான் எங்கும் சொல்லவில்லை, நானா. 1938இல் வந்த முதல் சுப்பர்மேனுக்குப் பறக்கவே தெரியாது. கட்டடங்களைத் தாண்டிக் குதிக்க மட்டுமே முடியும். ரிச்சர்ட் டொனர் 1978இல் அவனைப் பறக்கவிட்டது மூலத்தை மீறிய குற்றம் என்று நீங்கள் எழுதித் தருவீர்களா?